கண் சோர்வுக்கு வீட்டு வைத்தியம்: எது உதவும், எது ஆபத்து?

பகல் முழுவதும் குளிர்சாதன அலுவலகத்தில் கணினி, வீடு திரும்பியதும் கைப்பேசி. இரவில் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் தலைவலியும் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சாதாரணமாக ஒருவர் நிமிடத்திற்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறார். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சல் உண்டாகிறது. நெடுநேரம் அருகிலேயே பார்ப்பதால் கண்ணின் உள்தசைகளும் களைத்துப்போகின்றன.

ஆகவே முதல் மருந்து ஓய்வுதான். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். அடிக்கடி கண்ணை முழுமையாக மூடித் திறங்கள். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் படாமல் அமருங்கள்.

வெள்ளரித் துண்டையோ நந்தியாவட்டைப் பூவையோ மூடிய இமைமேல் வைத்தால் இதமாக இருக்கும். அந்தக் குளிர்ச்சியும் ஓய்வுமே பலன் தருகின்றன. சுத்தமான ஈரத்துணியும் அதையே செய்யும். கண் காய்ந்து எரிந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம் நல்லது. இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் அடைப்பை அது இளக்குகிறது. அந்த எண்ணெய்தான் கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது.

ஆனால் தேன், தாய்ப்பால், வெற்றிலை நீர், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணுக்குள் விடவே கூடாது. கிருமி புகுந்து கருவிழி புண்ணானால் பார்வையே போகலாம்.

மங்கலான பார்வை எல்லாம் சோர்வும் அல்ல. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு. அது விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலி தெரியாது. எனவே நீரிழிவு உள்ளவர்கள் வெள்ளரித் துண்டை நம்பிக் காலம் கடத்தாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கடும் வலியோ திடீர் மங்கலோ ஏற்பட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.