கோடை முகாமுக்கு நம் தெருவிலிருந்தே அண்ணன், அக்கா

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. போன கோடையில் வேப்பமர நிழலில் பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்றவள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பெண். அன்றுதான் அவள் முதன்முதலாக முகாம் நடத்துகிறாள். கையில் ஒரு குச்சி இருந்தது.

"குச்சி எதுக்கும்மா?" என்று கேட்டோம்.

"குச்சி இல்லாம எப்பிடிண்ணே? பயந்தாத்தான பேச்சக் கேக்குங்க" என்றாள்.

பத்து வருடம் அவள் வகுப்பறையில் பார்த்தது அதுதான். பார்த்ததைத்தான் செய்தாள். கோடை முகாமுக்கு வழிகாட்டிகளைத் தயார் செய்யும் வேலை பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுப்பதில் தொடங்குவதில்லை, அந்தக் குச்சியைக் கீழே வைக்கச் சொல்வதில் தொடங்குகிறது என்பது அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது.

ஜூனில் திரும்பாதவர்கள்

நகரத்தில் கோடை முகாம் என்றால் நீச்சல், கராத்தே, ஓவியம். பணம் கட்டிச் சேர வேண்டும். நம் தெருக்களில் கோடை என்பது கூலிக் காலம். ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதி மக்கள் ஏறக்குறைய 29 விழுக்காடு. இவர்களில் பெரும்பாலோர் வீட்டில் லீவு என்றால் வேலைக்கு இன்னும் இரண்டு கை கிடைத்தது என்று பொருள். பள்ளி நடக்கும்வரை பாட்டியிடம் இருக்கும் பிள்ளையை, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் செங்கல் சூளைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். கரும்பு வெட்டுக்கும் அப்படித்தான். பெரிய பையன் என்றால் சென்னையில் கட்டட வேலை.

14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைக்கக் கூடாது, 18 வயது வரை அபாயகரமான வேலையில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வாங்கிய முன்பணத்துக்குக் கல் அறுத்தாக வேண்டிய குடும்பத்துக்கு, பிள்ளையை ஊரில் விட்டுப்போக ஒரு இடம் வேண்டும். அந்த இடம் இல்லாததால் மே மாதம் போகிற பிள்ளைகளில் சிலர் ஜூன் மாதம் திரும்புவதில்லை. இடைநிற்றல் என்று பதிவேட்டில் எழுதப்படுவதற்கு முன்பே, அது கோடையில் நடந்து முடிந்துவிடுகிறது. நம் தெருவில் ஒரு முகாம் நடந்தால், "புள்ள இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லப் பெற்றோருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

நம் மாவட்டத்தில் தொடங்கியது

கொரோனாவுக்குப் பின் கற்றல் இழப்பைச் சரிசெய்ய வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று முதல்வர் தொடங்கிவைத்தது நம் மாவட்டத்தில்தான், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும் என்றிருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. இந்தத் திட்டம் சொன்ன பாடம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கூச்சமில்லாமல் வாய் திறந்து படிக்கிறது.

அது மாலை நேர வகுப்பு. கோடையின் நீண்ட பகல்கள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பகல்களுக்குப் பொருத்தமானவர்கள் தேர்வு முடிந்து சும்மா இருக்கும் 15 முதல் 18 வயதுவரை உள்ள நம் பிள்ளைகள்தான்.

உலகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள், 40க்கும் மேற்பட்ட 'சுதந்திரப் பள்ளி'களை நடத்தினார்கள். கற்பித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். தேவாலயங்களின் அடித்தளத்திலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. அந்தக் கோடையிலேயே தேவாலயங்கள் எரிக்கப்பட்டன, மூன்று இளம் தொண்டர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள், தாங்களே செய்தித்தாள் தயாரித்தார்கள். பக்கத்திலேயே வேண்டுமென்றால் ஐதராபாத்தில் 'வாய்ஸ் ஃபோர் கேர்ள்ஸ்' அமைப்பு இருக்கிறது. அரசு உறைவிடப் பள்ளி மாணவிகளை 'சகி'களாகப் பயிற்றுவிக்கிறது. சகிகள் தங்கள் பள்ளியின் இளைய மாணவிகளுக்கு உடல்நலம், உரிமை, பாதுகாப்பு பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆறு நாள் பயிற்சி

நாங்கள் வைத்துக்கொண்டது ஆறு நாள். முதல் நாள் குச்சி. பிள்ளைகள் சத்தம் போட்டால் வழிகாட்டி பேச்சை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். பார்க்கிற பிள்ளையும் கையைத் தூக்க வேண்டும். அரை நிமிடத்தில் அமைதி வரும். அடிக்கக் கூடாது, காதைத் திருகக் கூடாது, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

இரண்டாம் நாள் வீடு. முகாமுக்கு வரப்போகும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போக வேண்டும். யார் வேலைக்குப் போகிறார்கள், மதியம் சாப்பாடு உண்டா, கண் சரியாகத் தெரிகிறதா என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் பாதுகாப்பு. எந்தப் பிள்ளையையும் ஒரே ஒருவர் தனியாக அழைத்துப் போகக் கூடாது, எப்போதும் இரண்டு வழிகாட்டிகள். கிணறு, ஏரிப் பக்கம் போகக் கூடாது. பதினொரு மணிக்கு மேல் வெயிலில் விளையாட்டு இல்லை. தவறான தொடுதல் பற்றி ஒரு பிள்ளை சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டு, பெரியவர்களிடம் உடனே சொல்ல வேண்டும். 1098 என்ற எண் எல்லாருக்கும் மனப்பாடம். வழிகாட்டிகளும் 18 வயதுக்குக் கீழ் என்பதால் போக்சோ சட்டம் அவர்களையும் காக்கிறது என்பதைச் சொன்னோம்.

நான்காம் நாள் கதை. தாத்தா, பாட்டியிடம் கதை கேட்டு வரச் சொன்னோம். ஒருவன் 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டதைக் கேட்டு வந்தான். "இத சின்னப் புள்ளைங்ககிட்ட சொல்லலாமாண்ணே?" என்று கேட்டான். வெகுநேரம் பேசினோம். எட்டு வயதுப் பிள்ளையிடம் பயத்தைக் கொடுக்கக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய கதையிலிருந்து ஆரம்பி, வளர்ந்து கேட்கும்போது மற்றதைச் சொல் என்று முடிவானது.

ஐந்தாம் நாள் சுவர்ச் செய்தித்தாள். பிள்ளைகளே எழுதி வரைந்து ஒட்டுவது.

ஆறாம் நாள் ஒத்திகை. அன்றுதான் எங்கள் முகத்தில் அறைந்தது போல ஒன்று நடந்தது. இருளர் குடியிருப்பிலிருந்து நான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். நம் தெருப் பிள்ளைகள் அவர்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். தண்ணீர் டம்ளரும் தனியாகப் போனது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக நடந்தது. 2023இல் மேல்பாதி கோயிலுக்குள் நம்மை விடவில்லை என்று கொதித்தவர்கள் நாம். நம் பிள்ளையின் கை டம்ளரை மறைப்பதை என்னவென்று சொல்வது?

குச்சி வைத்திருந்த அந்தப் பெண்தான் எழுந்தாள். ஒன்றும் பேசவில்லை. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு முதலில் தான் குடித்தாள். பிறகு சுற்றில் விட்டாள். அடுத்த நாள் இருளர் பிள்ளைகளில் மூத்தவனைத் துணை வழிகாட்டி ஆக்கினாள்.

கூலியை யார் தருவது?

எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் மூன்றாம் நாள் வரவில்லை. கான்கிரீட் போடப் போய்விட்டான். "சமூக அக்கறை இல்லையா?" என்று கடிந்துகொண்டோம். "அம்மாவுக்கு மாத்தர வாங்கணும்ணே" என்றான். தலை குனிந்தோம். அதன்பின் அவன் மாலையில் வந்து விளையாட்டு நடத்தினான். ஆனால் எல்லாராலும் அப்படி வர முடியாது. ஒரு மாதக் கூலியை விட்டுவிட்டு வா என்று ஏழை வீட்டுப் பிள்ளையிடம் கேட்பது தொண்டு ஆகாது, சுரண்டல்தான்.

1956இல் ஆக்ராவில் பேசியபோது அம்பேத்கர், படித்தவர்கள் தம் மக்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று வருந்தினார். நம் தெருவில் படித்து அரசு வேலைக்குப் போனவர்கள் இன்று ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒரு தெருவின் முகாம் வழிகாட்டிகளுக்கு ஊக்கத்தொகையும், பிள்ளைகளுக்கு ஒரு வேளை சுண்டலும் கொடுத்துவிடலாம்.

மே 1 அன்று கேட்போம்

ஏப்ரல் 14க்குப் பின் தேர்வுகள் முடிந்துவிடும். மாதக் கடைசிக்குள் பயிற்சியை முடிக்கலாம். மே 1 அன்று கிராம சபை. அதில் எழுந்து மூன்று கேட்போம்: முகாம் நடத்தச் சமுதாயக் கூடம் அல்லது நூலகக் கட்டடம், குடிதண்ணீர், ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கும் அழைப்பு. தீர்மானமாக எழுதச் சொல்வோம். மறுத்தால் மறுத்ததையும் எழுதச் சொல்வோம். மரத்தடி இருக்கவே இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பிள்ளைகள் முன்னால் குச்சி இல்லாமல் நிற்கப் பழகியவர், நாளைக்குத் தாசில்தார் முன்னாலும் தடுமாறாமல் நிற்பார். அந்த வேப்பமரத்தடியில் ஜூன் மாதம் எண்ணிப் பார்த்தோம். பதினைந்து பேரும் பள்ளிக்குத் திரும்பியிருந்தார்கள். இருளர் பிள்ளைகளில் மூன்று பேர். நான்காவது பிள்ளை இன்னும் சூளையில். அந்தப் பிள்ளையின் பெயரை நோட்டில் முதல் வரியில் எழுதிவைத்திருக்கிறாள் அந்த அக்கா.