கட்டிளமைப் பருவமும் மலையகப் பெண் பிள்ளைகளும்

“எதிர்த்துக் கதைக்கிறாள். சொல்வழி கேட்கிறாளில்லை. எந்த நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.” பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார் கூடும் இடங்களில் இந்த முறைப்பாட்டைக் கேட்காமல் வர முடியாது. கிளிநொச்சியிலும் கேட்கலாம், வாகரையிலும் கேட்கலாம். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் “வாய்க்கு வாய் பேசுது” என்பார்கள். பேச்சு வழக்கு மாறினாலும் கவலை ஒன்றுதான். இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்கு உளவியலாளர்கள் நூறு வருடங்களுக்கும் மேலாகப் பதில் தேடி வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் எமக்கு உதவக்கூடியது எது, எமது மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாதது எது என்று பார்க்கலாம்.

வாசகியரில் பலருக்கு மலையகம் தூரத்து ஊர் அல்ல. 1958, 1977, 1983 ஆகிய வருடங்களில் நடந்த வன்செயல்களுக்கு அஞ்சி, தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பேத்திகள் உங்களுக்குள் இருக்கிறீர்கள். வன்னியில் யுத்தத்தை அனுபவித்தவர்களில் ஒரு பகுதியினரின் வேர் தேயிலை மலையில் இருக்கிறது.

பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரையிலான காலத்தை உலக சுகாதார நிறுவனம் கட்டிளமைப் பருவம் என்று வகுத்துள்ளது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹோல் 1904இல் இப்பருவத்தைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதினார். இது புயலும் கொந்தளிப்பும் நிறைந்த வயது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்பது அவரது கருத்து. மாகிறட் மீட் என்ற பெண் ஆய்வாளர் சமோவாத் தீவுக்குச் சென்று அங்குள்ள பெண் பிள்ளைகளோடு பழகி, 1928இல் அதை மறுத்து எழுதினார். அங்கே அந்த வயது அமைதியாகவே கழிகிறது, ஆகவே கொந்தளிப்புக்கு உடம்பு மட்டுமல்ல, வளரும் சமூகமும் காரணம் என்றார். மீட் சொன்னது சரியல்ல என்று 1983இல் டெரெக் ஃபிறீமன் எதிர்வாதம் வைத்தார். அந்த வழக்கை அவர்கள் நடத்தட்டும். பிள்ளையைப் பார்க்கும்போது அவள் வாழும் இடத்தையும் பார் என்று மீட் எழுப்பிய கேள்வி எமக்குப் போதும்.

1990களின் பின் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதி வந்தது. யோசித்து முடிவெடுப்பதற்கும் ஆத்திரத்தை அடக்குவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பது தெரிய வந்தது. உணர்ச்சி முந்திவிடும், நிதானம் பின்னால் வரும். உங்கள் மகள் கதவை அடித்துச் சாத்துவது உங்களை அவமதிப்பதற்காக மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை.

கதவு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையகத்தில் பல பிள்ளைகளுக்குச் சாத்துவதற்குக் கதவே இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்ட லயன்களில் ஒரு காம்பரா ஏறக்குறையப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. தாய், தகப்பன், பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் அதற்குள்தான். தனிவீடுகள் கட்டப்பட்டு வருகின்றன என்றாலும் லயத்து வாழ்க்கை இன்னும் முடியவில்லை. தனக்கென்று சிறு மறைவும், தன்னோடு தான் இருக்கச் சற்று நேரமும் இந்த வயதின் தேவைகள் என்கிறது உளவியல். பிள்ளை வயதுக்கு வந்தால், அந்தக் காம்பராவின் ஒரு மூலையைச் சேலையால் மறைத்து அவளை இருத்துவார்கள். பலருக்கு வாழ்க்கையில் தனக்கென ஒரு மூலை கிடைப்பது அந்தச் சில நாட்கள் மட்டுமே. சடங்கு முடிந்ததும் சேலையை அவிழ்த்துவிடுவார்கள். 2009இல் மெனிக் பாமில் ஒரே கூடாரத்துக்குள் வளர்ந்த பெண் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், இந்த வயதின் பெரிய வேலை “நான் யார்?” என்ற கேள்விக்கு விடை காண்பதே என்றார். அவர் தனது தகப்பன் யாரென்று அறியாதவர், பெயரைக் கூட வளர்ந்த பின் மாற்றிக்கொண்டவர். அடையாள நெருக்கடி என்ற சொல்லை அவர் முதலில் பயன்படுத்தியது பிள்ளைகளுக்காக அல்ல. இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பி, தாம் யாரென்ற உணர்வே குலைந்து போயிருந்த படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்தபோது அவர் அதைப் பயன்படுத்தினார். யுத்தம் ஒரு மனிதருக்குச் செய்வதற்கும், வளரும் வயது ஒரு பிள்ளைக்குச் செய்வதற்கும் இடையே ஒரு உறவை அவர் கண்டார்.

“நான் யார்?” என்று கேட்கும் மலையகப் பிள்ளைக்கு நாடு என்ன பதில் வைத்திருந்தது? 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து “இந்தியத் தமிழர்” என்ற தனிப் பெயர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் என்ற நிலை. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் பிரிந்து போன குடும்பங்கள். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கச் சட்டம் வந்தது 2003இல்தான். பிரஜாவுரிமை வந்த பின்பும் லயத்துக்குத் தனி முகவரி வரவில்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வீட்டுக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தினம் கடந்து கிடைத்த கதை மலையகத்தில் புதிதல்ல. தன் பெயருக்கு ஒரு கடிதம் நேராக வருவது சின்ன விடயமாகத் தோன்றலாம். பதினெட்டு வயதில் அது சின்ன விடயம் அல்ல.

இங்கே உளவியல் நூல்களின் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் பெரும்பகுதி வசதியான நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. ஜெஃப்ரி ஆர்னட் என்ற அமெரிக்க ஆய்வாளரே 2008இல் இதைச் சுட்டிக்காட்டினார். தமது நாட்டு உளவியல், உலகின் ஐந்து சதவீதத்தினரைப் பார்த்துவிட்டு மீதித் தொண்ணூற்றைந்தை மறந்துவிட்டது என்றார். அதே ஆர்னட்தான் 2000ஆம் ஆண்டில், பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை இளைஞர் பல வழிகளையும் முயன்று பார்க்கும் தனிப் பருவம் ஒன்று உண்டு என்று எழுதியவர். தலவாக்கலையில் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு அந்தப் பருவம் எங்கே இருக்கிறது? நேற்று பாடசாலைப் பை, இன்று கொழுந்துக் கூடை. அல்லது கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை.

2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்றிருந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, சில நாட்களில் இறந்து போனாள். மலையகம் முழுவதும் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். அதே வருட ஆரம்பத்தில்தான் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. கட்டாயக் கல்வி வயதும் 2016இலிருந்து 16. சட்டம் அன்று பதினாறில் நின்றுவிட்டது. ஆனால் பதினாறு வயதில் ஒரு பிள்ளை வளர்ந்து முடிந்துவிடுவதில்லை. தெரியாத வீட்டில், தன் பாஷை பேச ஆளின்றி, தாயோடு தொலைபேசியில் கதைக்கவும் பிறர் அனுமதி வேண்டியிருக்கும் பிள்ளைக்கு, மேலே சொன்ன அந்த நிதானத்தைக் கற்றுக்கொடுப்பவர் யார்?

தாய் பிள்ளையை அனுப்புவது அன்பில்லாமல் அல்ல. விடியுமுன் எழும்பிச் சமைத்து, மலைக்குப் போய், நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு, இருட்டும் நேரம் வீடு திரும்பும் தாய், பகல் வெளிச்சத்தில் மகளின் முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். கிலோ குறைந்தால் அரைப் பேர். கடன் ஏறினால் மத்திய கிழக்கு. தாய்மார் வெளிநாடு சென்ற குடும்பங்களைப் பற்றி இலங்கையில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2015இல் வெளிவந்த ஒன்றில், பெற்றோர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் இருவருக்கு உளநலப் பிரச்சினை காணப்பட்டது. இதை வாசித்துவிட்டு, போன தாயைக் குற்றவாளியாக்குவது சுலபம். போகாமல் இருந்திருந்தால் அடுப்பு எரிந்திருக்குமா என்ற கேள்வியை ஆய்வு கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

வடகிழக்குப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று 2008இல் வந்தது. கிளவுடியா கட்டானியும் அவரது குழுவினரும் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளோடு கதைத்தார்கள். யுத்தம், சுனாமி இரண்டையும் கண்ட பிள்ளைகள் அவர்கள். ஆனால் அவர்களின் மனதைப் பாதித்தவை குண்டும் கடலும் மட்டுமல்ல. வீட்டுக்குள் நடக்கும் அடியும், தகப்பனின் குடியும் கூடச் சேர்ந்து வேலை செய்திருந்தன. மலையகத்தில் ஷெல் விழவில்லை. சாராயமும் கசிப்பும் இருக்கின்றன.

இவ்வளவையும் வாசித்தபின் மனம் சோர்வது இயல்பு. ஆகவே எனக்குப் பிடித்த ஆய்வை இனிச் சொல்கிறேன். அதுவும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியதுதான்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். கரும்பும் அன்னாசியும் பயிரிடும் பெருந்தோட்டங்களில் வேலை செய்வதற்காக ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கு வாழ்கின்றனர். எமது கதையைப் போலவே கப்பலில் வந்த கதை. எம்மி வேர்னர் என்ற பெண்மணியும் ரூத் ஸ்மித் என்பவரும், அந்தத் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளையும் விடாமல் பின்தொடர்ந்தனர். ஒன்று, இரண்டு, பத்து, பதினெட்டு, முப்பத்திரண்டு, நாற்பது என்று ஒவ்வொரு வயதிலும் போய்ப் பார்த்தார்கள். வறுமை, சிக்கலான பிரசவம், பெற்றோரின் சண்டை, குடி, மனநோய் என்று நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இடர்களை இரண்டு வயதுக்குள் சந்தித்த பிள்ளைகள் 201 பேர். இவர்கள் உருப்பட மாட்டார்கள் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் 72 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கினர், கட்டிளமைப் பருவத்தை நன்றாகவே கடந்து, தன்னம்பிக்கையும் பிறர்மேல் கரிசனையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள்.

அவர்களிடம் அப்படி என்ன இருந்தது? வேர்னர் கண்டது மந்திரம் எதுவும் அல்ல. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், நிபந்தனையில்லாமல் தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார். அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, சித்தி, மூத்த அக்கா, பக்கத்து வீட்டார் என்று யாராகவும் இருக்கலாம். பெண் பிள்ளைகளைப் பற்றி அவர் தனியாக ஒன்றைச் சொல்கிறார். வீட்டில் ஒரு பெண்ணின் உறுதியான துணையும், அதோடு நீயே முடிவெடு, நீயே செய்து பார் என்ற ஊக்கமும் சேர்ந்து கிடைத்த பெண்கள் நன்றாக வந்தார்கள். துணை மட்டும் கொடுத்துப் பொத்திப் பொத்தி வைப்பது போதாது. ஆண் பிள்ளைகளுக்கோ ஒழுங்கும் விதியும் உள்ள வீடும், அழுதால் “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?” என்று கேட்காத மனிதர்களும் உதவினார்கள்.

வீட்டில் பொறுப்பான வேலை இருந்த பிள்ளைகள் தேறினார்கள் என்பதும் அவர் கண்டதுதான். இதை எமது ஊரில் பிழையாக விளங்கிக்கொள்ள இடமுண்டு. தம்பி தங்கையைப் பார்ப்பதும் தண்ணீர் எடுப்பதும் பிள்ளையின் கையில் ஒரு பெறுமதியைத் தருகின்றன, உண்மை. ஆனால் அந்த வேலைக்காகப் பாடசாலைக்குப் போவதை நிறுத்தினால் அது வேறு கதை. உதவி செய்யும் பிள்ளை வேறு, உதவிக்கு ஆள் இல்லாததால் பெரியவளாக்கப்பட்ட பிள்ளை வேறு.

மீதி மூன்றில் இரண்டு பங்கினர்? பதின்ம வயதில் அவர்கள் தடுமாறினார்கள். சிலர் பொலிசில் அகப்பட்டார்கள், சில பெண்கள் மணமாகாமலே தாயானார்கள். ஆனால் முப்பது நாற்பது வயதில் போய்ப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பான்மையோர் மீண்டு வந்திருந்தார்கள். விட்ட படிப்பைத் திரும்பத் தொடங்கியது, நல்ல துணை கிடைத்தது, ஒரு வழிபாட்டுச் சமூகத்தில் சேர்ந்தது என்று பல வழிகளில் வாழ்க்கை இரண்டாம் முறை கதவைத் திறந்திருக்கிறது. யுத்த காலத்தில் படிப்பை இழந்து, பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் பதினாறிலும் பதினேழிலும் கலியாணம் கட்டி வைக்கப்பட்ட எத்தனையோ பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். அந்தப் பெண்களின் கதையும் உங்களுக்கு ஏதாவது சொல்லக்கூடும்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் காயம் தனி ஆளில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் விழுகிறது என்று எழுதி வருபவர். காயம் ஊரில் விழுமென்றால் மருந்தையும் ஊரில்தான் தேட வேண்டும். லயத்தில் தனிமை இல்லைதான். ஆனால் சுவருக்கு அப்பால் ஒரு அத்தை இருக்கிறாள், இஸ்தோப்பில் ஒரு பாட்டி இருக்கிறாள். தாய் வெளிநாடு போகும்போது, பிள்ளை சாப்பிட்டதா என்று பார்ப்பதற்கு மட்டும் ஆள் வைக்கிறோம். பிள்ளை யாரிடம் தன் மனதைச் சொல்வாள் என்று கேட்டு, அதற்கும் ஒருவரை நிறுத்திவிட்டுப் போவது காசு செலவாகும் காரியமல்ல.

பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், உறக்கம் கெட்டால், பாடசாலைக்குப் போக மறுத்தால், “செத்துப் போனால் நல்லது” என்று ஒரு தடவையாவது சொன்னால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாமல் இருந்து கேளுங்கள். அரசின் உளநல உதவி இலக்கம் 1926. சிறுவர் துன்புறுத்தப்பட்டால் 1929. பெண்களுக்கு 1938.

கவாய்ப் பிள்ளைகள் வளர்ந்த பின், குடும்பத்துக்கு வெளியே உங்களுக்குக் கைகொடுத்தவர் யார் என்று விசாரித்தபோது, அதிகமாகக் குறிப்பிடப்பட்டவர் பிடித்தமான ஒரு ஆசிரியர். கொட்டகலைக்கு அருகே பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று, இன்று தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியைகளில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள்கள். எட்டாம் வகுப்பில் பின் வாங்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கும் பிள்ளை ஏன் இரண்டு நாட்களாக வரவில்லை என்பது, விசாரிக்காமலே அவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, பாடசாலை விட்டதும் அந்த லயத்துக்கு நடந்து போகிற ஆசிரியைகளும் இருக்கிறார்கள்.