கோச்சிடம் சொன்னது கோர்ட்டுக்கு வருமா?

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்டுவிட்டு ஆறு மாதக் கெடுவை எண்ணிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. விவாகரத்துக் காலத்தில் கூட இருந்து வழிகாட்டும் ‘டைவர்ஸ் கோச்’ ஒருவரை வைத்துக்கொள்ளலாமா, வக்கீல் இருக்கும்போது அவர் எதற்கு என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. ஒரு ஆசிரியையின் கடிதம் மட்டும் வேறு மாதிரி: “கோச்சிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அது என் கணவரின் வக்கீல் கைக்குப் போகுமா?”

அதற்கு முன், கெடு பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆறு மாதம் முடிந்தால் தீர்ப்பு தானாக வராது. மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் சேர்ந்து மறுபடி கேட்க வேண்டும். தீர்ப்புக்கு முன் ஒருவர் மனம் மாறினாலும் சம்மதம் போயிற்று. 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நீண்ட காலம் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தையே தள்ளுபடி செய்யலாம் என்றது 2017-ன் அமர்தீப் சிங் தீர்ப்பு. மற்றவர்களுக்கு இது தூக்கம் வராத காலம். கோச்சைத் தேடுவதும் இப்போதுதான்.

அமெரிக்க பார் அசோசியேஷன் கோச்சின் பணியைத் தகராறு தீர்க்கும் வழிகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அந்த ஏற்புக்கு இந்தியாவில் சட்ட மதிப்பு இல்லை. டைவர்ஸ் கோச் யார் என்று நம் சட்டம் எதிலும் வரையறை கிடையாது. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கோச்சுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. ‘சான்றிதழ் பெற்றவர்’ என்பது அவர் ஏதோ ஒரு பயிற்சியை முடித்தார் என்பதை மட்டுமே சொல்கிறது. அவர் தவறு செய்தால் வக்கீல் மீது பார் கவுன்சிலுக்குப் போவதுபோல் புகாரோடு போக ஓர் இடம் இல்லை.

இதனால் கோச் பயனற்றவர் என்று ஆகிவிடாது. ஜீவனாம்சம் கேட்டாலே இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், நகை விவரம், பள்ளிக் கட்டண ரசீது, வாங்கிய கடன்: அழுதுகொண்டே ஒருத்தி தனியாகத் திரட்டுகிற காகிதங்கள் இல்லை இவை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஒரு ஆள் இருந்தால் வக்கீலிடம் போகும் நேரம் குறையும். இன்னொன்றும் நல்ல கோச் செய்வார். “உனக்குப் பிள்ளை மேல் அக்கறை இருந்தால்தானே” என்று தொடங்கி நீளும் வாட்ஸ்அப் செய்தியை அனுப்பவிடாமல் நிறுத்தி, “ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டிவருகிறேன், மாலை 6 மணிக்கு அழைத்துக்கொள்கிறேன்” என்று மாற்றி எழுத வைப்பார். அந்தச் செய்தியை நாளை நீதிபதி படித்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

ஆசிரியையின் கேள்விக்குப் பதில்: போகலாம். எனக்குப் பெரிய கவலை தருவது இதுதான்.

வக்கீலிடம் நீங்கள் சொல்வதற்குச் சட்டம் பூட்டுப் போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 132, 134-ஆம் பிரிவுகள்படி, உங்கள் அனுமதியின்றி அவர் அதை வெளியிட முடியாது. உங்களையும் சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது. அவருடைய குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. நீங்கள் தனியாகப் பணம் கட்டி அமர்த்திய கோச்சுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சம்மன் வந்தால் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தில் ‘முழு ரகசியம் காக்கப்படும்’ என்று எழுதியிருப்பார்கள். அவர் ஊரில் போய்ப் பேசாமல் இருக்க அது உதவும். நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயும் எல்லா அறையும் ஒன்றல்ல. சமரச மையத்தில் மத்தியஸ்தர் முன்னால் பேசுவது ரகசியம். 2010-ல் மோதி ராம் வழக்கில் இது உறுதியானது. ஆனால் குழந்தைப் பொறுப்பு வழக்கில் குடும்ப நல நீதிமன்ற ஆலோசகர் தரும் அறிக்கைக்கு அந்தக் காப்பு கிடையாது என்று 2019-ல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் தீர்ப்பு வந்தது. இரண்டு இடத்திலும் கனிவான குரலில் ஒருவர் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்பார். எதிரில் இருப்பவர் யார் என்று உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால், சாதாரணச் சாட்சியச் சட்டப்படி செல்லாத ஆவணத்தையும் ஏற்கலாம். 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசி உரையாடலையே சாட்சியமாக உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கணவன் மனைவிக்குள் பேசியதற்கே இந்த நிலை என்றால், மூன்றாம் மனிதரான கோச்சுக்கு நீங்கள் அனுப்பியது எம்மாத்திரம்?

ஒரு பெண் இரவு பதினொரு மணிக்குக் கோச்சுக்கு வாய்ஸ் நோட் அனுப்புகிறாள்: “கொஞ்சம் பணம் அம்மா பேரில் போட்டு வச்சிருக்கேன், பத்திரத்துல காட்டணுமா?” கேள்வி நியாயமானது. வக்கீலிடம் கேட்டிருந்தால், காட்ட வேண்டும் என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். பிரமாணப் பத்திரத்தில் மறைப்பது குற்றம். இப்போது அந்தக் குரல் இரண்டு போன்களில் இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடி கிடந்தால் மூன்றாவது இடத்திலும் இருக்கிறது.

ஆகவே பணம், குழந்தை, பழைய உறவு பற்றிய உண்மைகள் முதலில் வக்கீலுக்குத்தான் போக வேண்டும். கோச்சிடம் எப்படித் தாக்குப்பிடிப்பது, எப்படிப் பேசுவது என்பதை வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதுகிறாரா, எங்கே வைக்கிறார், எப்போது அழிப்பார் என்று முதல் நாளே கேளுங்கள். வக்கீலைப் பார்க்கும்போது கோச்சைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். மூன்றாமவர் முன்னால் பேசியது ரகசியமே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுத்துவிடும். அம்மாவிடமும் சொல்ல முடியாததை ஒரு பெண் யாரிடம்தான் சொல்வாள் என்று கேட்கிறார்கள். பதிவு பெற்ற உளவியலாளரிடம் சொல்லலாம். ரகசியம் காக்கும் கடமை அவருக்காவது உண்டு. கோச்சுகளுக்கும் பதிவும் கடமையும் வேண்டும் என்பதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.

மற்ற கேள்விகள்:

கோச் எனக்காகக் கோர்ட்டில் பேசலாமா? முடியாது; குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வதே உரிமை அல்ல, நீதிமன்றத்தின் அனுமதி.

மனுவை எழுதித் தருவதாகச் சொல்கிறாரே? வேண்டாம்.

தீர்ப்பு இவ்வளவு நாளில் வரும் என்று உறுதி தருகிறார்? எழுந்து வந்துவிடுங்கள்.

கோச்சுக்குக் கொடுக்கப் பணம் இல்லை? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார்; சட்டப் பணிகள் ஆணைக்குழு எண் 15100.

வீட்டில் அடி விழுகிறது? கோச்சை விட்டுவிட்டு 181-ஐ அழையுங்கள்.