ஆயுத பூஜைக்கு மறுநாள்: அவரவர் கருவி, அவரவர் பேச்சு

வைகைக் கரையோரம், திருப்பாச்சேத்திக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. அரிவாள் என்றால் தமிழ்நாடே பெயர் சொல்லும் வட்டாரம். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் உழவர் ஆர்வலர் குழுக் கூட்டம். மம்பட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாவற்றிலும் முதல்நாள் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

குழுவின் சேமிப்பில் பொதுக்கருவி வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று மூன்று கூட்டமாகப் பேசியும் முடிவு வரவில்லை. இளைஞர்கள் ஒன்று சொல்ல, பெண்கள் வேறு சொல்ல, பெரியவர்கள் "பணம் வங்கியிலேயே கிடக்கட்டும்" என்றார்கள். அதனால் குழுத் தலைவர் இம்முறை ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆளுக்கு ஒரு கருவி எடுத்துட்டு வாங்க. முதல்ல உங்களுக்கு எவ்வளவு நிலம், என்ன வெள்ளாமைன்னு சொல்லுங்க. அப்புறம் அந்தக் கருவி ஏன் பிடிக்கும், எப்படிப் பிடிக்கணும், எப்படிக் காப்பாத்துறதுன்னு சொல்லுங்க. கடைசியில முடிவு பண்ணுவோம்."

ஒரே ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே அறிமுகம் செய்துகொள்வதா என்று முதலில் சிரித்தார்கள். பேச ஆரம்பித்ததும் இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

மம்பட்டியும் அதன் கணையும்

முதலில் எழுந்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். "எனக்கு ரெண்டு ஏக்கர் கண்மாய்ப் பாசனம். நெல்லு. நான் கொண்டாந்தது மம்பட்டி. வரப்பு வெட்ட, மடை திறக்க, வாய்க்கால் ஒதுக்க இது ஒண்ணு போதும்" என்றார். பிறகு அவர் பேசியதெல்லாம் கணையைப் பற்றித்தான்.

"இரும்பு நல்லா இருந்தாலும் கணை சரியில்லைன்னா தோள்பட்டை போயிடும். கருவேல மரத்துல கணை போடணும். வெட்டினவுடனே போடக்கூடாது. நிழல்ல நல்லாக் காய விடணும். பச்சைக் கட்டையில போட்டா, காஞ்சதும் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். அப்ப என்ன செய்யிறோம்? தண்ணித் தொட்டியில ஊறப் போடுறோம். அன்னைக்கு இறுகும். ரெண்டு நாள் வெயில்ல மறுபடி ஆடும். ஆப்பு அடிக்கிறதுதான் வழி."

ஆடுகிற மம்பட்டி கழன்று பக்கத்தில் நின்றவர் காலில் விழுந்த சம்பவத்தை இரண்டு மூன்று பேர் நினைவுபடுத்தினார்கள். வேலைக்குப் போகும் முன் கணையை ஒருமுறை தட்டிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

கோனோ வீடர்: திட்டியவரே கொண்டு வந்தார்

அடுத்தவர் மூன்று ஏக்கர் நெல் விவசாயி. அவர் தூக்கி வந்தது கோனோ வீடர். "இதை முதல் வருஷம் திட்டாத நாள் இல்லை. இழுக்கவே முடியலைன்னு கொட்டகையில போட்டுட்டேன். தப்பு என் மேலதான்" என்று ஆரம்பித்தார்.

திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் வயதுள்ள நாற்றை, குத்துக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசையும் குத்துக்குக் குத்தும் 22.5 சென்டிமீட்டர் விட்டு நடுகிறோம். வரிசை இரு பக்கமும் நேராக இருந்தால்தான் கோனோ வீடர் ஓடும். இவர் முதல் வருடம் கயிறு பிடிக்காமல் நட்டிருக்கிறார். போதாக்குறைக்குத் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டுத் தள்ளியிருக்கிறார்.

"வயல்ல ரெண்டு, மூணு சென்டிமீட்டர் தண்ணி நிக்கணும். தள்ளிக்கிட்டே ஓடக்கூடாது. முன்னாடி தள்ளி, கொஞ்சம் பின்னாடி இழுத்து, மறுபடி தள்ளணும். அப்பத்தான் ரெண்டு கூம்பும் உருண்டு களையைச் சேத்துக்குள்ள அமுக்கும்" என்று மண் தரையிலேயே தள்ளிக் காட்டினார். நட்ட 10 நாளில் தொடங்கி, 10 நாளுக்கு ஒருமுறையாக 40 நாள் வரை ஓட்டலாம். புதைந்த களை மக்கி உரமாகிறது. மண் கிளறப்படுவதால் வேருக்குக் காற்றோட்டமும் கிடைக்கிறது.

"புழுதி விதைப்புக்கு இது ஆகுமாண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "ஆகாதுப்பா. கையால வீசி விதைச்ச வயல்ல வரிசை ஏது?" என்று அவரே பதில் சொன்னார். பொதுக்கருவிப் பட்டியலில் இருந்த கோனோ வீடர் அந்த இடத்தில் விழுந்தது. அந்த ஊரில் பாதிக்கு மேல் புழுதி விதைப்பு.

களைக்கொத்தும் முதுகு வலியும்

களையெடுக்கும் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுந்தார்கள். அவர்கள் சார்பில் பேசிய அக்காவுக்கு முக்கால் ஏக்கர் நிலக்கடலை. மற்ற நாட்களில் கூலிக்குப் போகிறவர். கையில் ஒரு களைக்கொத்து.

"எங்க அஞ்சு பேருக்கும் இது பிடிச்ச கருவின்னு சொல்ல வரலை. இருபது வருஷமா எங்க கையில இருக்குறது இதுதான், அதான் கொண்டாந்தோம். குத்த வச்சு நகர்ந்து நகர்ந்து வெட்டினா, சாயங்காலம் நிமிர முடியாது. எனக்கு முட்டி போச்சு. மதினிக்கு இடுப்பு. கடையில வாங்குற கொத்துக்குப் பிடி ஒரு சாணு கூட இல்லை. யாரு கைக்கு அளவெடுத்துப் பண்ணினாங்களோ தெரியலை."

சிரிப்பு அடங்கியதும் பக்கத்து ஊரில் பார்த்த ஒரு கருவியைப் பற்றிச் சொன்னார். சைக்கிள் சக்கரம், நீளப் பிடி, கீழே ஒரு வெட்டுத் தகடு. நின்றுகொண்டே தள்ளலாம். ஊரில் அதற்குப் பெயர் சைக்கிள் வீடர். நிலக்கடலையை 30 சென்டிமீட்டர் வரிசையில் விதைத்திருந்தால் இது நன்றாக ஓடும். விதைத்த 20ஆம் நாளில் ஒருமுறை, 40 முதல் 45 நாளுக்குள் மண் அணைக்கும்போது ஒருமுறை களையெடுக்கலாம். அதன் பிறகு விழுது மண்ணில் இறங்கும் என்பதால் செடியடி மண்ணைக் கிளறக் கூடாது.

இந்தக் கருவியின் கைப்பிடி, தள்ளுகிறவரின் இடுப்புக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். பல கருவிகளில் போல்ட்டைக் கழற்றி உயரத்தை மாற்றலாம். ஆணுக்கு வைத்த அளவிலேயே பெண்கள் தள்ளினால் தோள் வலிக்கும். வாங்கும்போது தள்ளப்போகிறவரையே கடைக்கு அழைத்துப் போவது நல்லது.

கொண்டு வராத கருவி

இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா, கருக்கரிவாளைக் காட்டினார். பல் வெட்டிய அரிவாள் அது. "வீசி வெட்டக் கூடாது, பிடியைச் சேர்த்துப் பிடிச்சு இழுத்தா அறுத்துக்கிட்டு வரும். வெட்டரிவா மாதிரி தினம் தீட்ட வேண்டியதில்லை. பல்லு தேஞ்சா பட்டறையில கொடுத்து மறுபடி பல்லு வெட்டிக்கணும்" என்றார்.

பிறகு மடியில் இருந்து ஒரு இரும்பு முளையை எடுத்தார். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். "இது என்னம்மா?" என்று கேட்டார்கள். "தீவனம் வெட்டுற மெஷினுக்குப் பூட்டு" என்றார்.

கையால் சுற்றும் தீவன வெட்டுக் கருவி அவர் வீட்டில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன், அவர் உள்ளே போயிருந்த நேரத்தில் பேரன் விளையாட்டாகச் சக்கரத்தைச் சுற்ற, பேத்தியின் கை கத்திக்குள் போய்விட்டது. இரண்டு விரல் நுனிகள் இல்லை. "அதுக்கப்புறம்தான் பட்டறையில சொல்லி இதைப் போட்டேன். வேலை முடிஞ்சா சக்கரத்துல இதைச் சொருகிடுவேன். யாரும் சுத்த முடியாது. நாலு வருஷம் முன்னாடியே போட்டிருக்கலாம்." அதற்கு மேல் அவர் பேசவில்லை.

தீவன வெட்டுக் கருவிக்கு மூன்று பாதுகாப்பு வேண்டும். சக்கரத்துக்குப் பூட்டு, கத்திகளுக்கு மறைப்பு, கை உள்ளே போகும் முன்பே தட்டி எச்சரிக்கும் உருளை. பழைய கருவிகள் பலவற்றில் இவை இல்லை. மூன்றும் முடியாவிட்டாலும் பூட்டை எந்தப் பட்டறையிலும் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கே நான்கு வீட்டுக்காரர்கள் அந்த முளையை வாங்கி அளவெடுத்துக் கொண்டார்கள்.

தம்பியின் பிரஷ் கட்டர்

திருப்பூரில் கம்பெனி வேலையை விட்டு வந்த இளைஞருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை. அவருக்குப் பிடித்தது பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர். "ரெண்டு ஆள் ஒரு நாள் வெட்டுற புல்லை அரை நாள்ல முடிச்சிடுவேன்" என்று பெருமையாகச் சொன்னார். கண்ணாடி போடுவது உண்டா என்று தீவன மெஷின் அம்மா கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

பிரஷ் கட்டர் கல்லைத் தெறிக்க விடும். கண்ணாடி, முழங்கால் வரை மூடும் செருப்பு அல்லது பூட்ஸ் அவசியம். கத்தியின் மேல் உள்ள தடுப்பைக் கழற்றக் கூடாது. 15 மீட்டர் தூரத்துக்குள் ஆளோ மாடோ நிற்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால், கருவியோடு தரும் குறிப்பில் உள்ள அளவுப்படி பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாகப் பேசிய கொல்லர்

எல்லோரும் பேசி முடித்ததும், ஓரமாக உட்கார்ந்திருந்த ஊர்க் கொல்லரைப் பேசச் சொன்னார்கள். "எனக்கு நிலம் இல்லை. பட்டறைதான்" என்றார். அவர் எந்தக் கருவியும் கொண்டு வரவில்லை.

"இங்க இருக்கிற முக்கால்வாசிக் கருவி என் கையில அடிச்சதுதான். லாரிப் பட்டையை வெட்டி அடிச்சது. இரும்பைக் காய்ச்சும்போது நிறம் பார்க்கணும். சரியான சிவப்புல எடுத்துத் தண்ணியில தோய்க்கணும். கூடிப்போனா வாய் தெறிச்சுப் போகும், குறைஞ்சா மடங்கும். இப்ப எல்லாரும் கிரைண்டர்ல தீட்டுறீங்க. பொறி பறக்குறது பார்க்க நல்லா இருக்கும். வாய் நீலம் பாய்ஞ்சா தோய்ச்சல் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் எத்தனை தீட்டினாலும் நிக்காது. கிரைண்டர்ல வச்சா அடிக்கடி தண்ணியில நனைச்சு நனைச்சு வைங்க. இல்லைன்னா அரம் போதும்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்தத் தையோட பட்டறையை மூடிடலாம்னு இருக்கேன். கரி விலை கட்டலை. அறுவடை மெஷின் வந்தப்புறம் அரிவா அடிக்க யாரும் வர்றதில்லை. மகன் மதுரையில வெல்டிங் பண்றான். வரமாட்டேங்கிறான்."

கூட்டம் அமைதியானது. மம்பட்டிப் பெரியவர்தான் முதலில் பேசினார். முன்பெல்லாம் அறுவடைக் களத்திலேயே கொல்லருக்கும் தச்சருக்கும் நெல் அளந்துவிட்டுத்தான் வீட்டுக்கு நெல் போகும். அது நின்று போய், வேலைக்கு வேலை காசு என்றானது. வேலை குறைந்ததும் காசும் குறைந்தது. "நாம நிறுத்தினதுதானே?" என்றார்.

என்ன முடிவானது?

குழுப் பணத்தில் இரண்டு சைக்கிள் வீடர் வாங்குவது, அதைக் களையெடுக்கும் பெண்களின் பொறுப்பில் விடுவது என்று முடிவானது. வெளியாட்களுக்கு நாள் வாடகை, அதில் வரும் பணம் பழுது பார்க்க.

பட்டறைக்கும் ஒரு ஏற்பாடு. ஆடி முதல் வாரமும் மார்கழிக் கடைசி வாரமும் ஊர்க் கருவிகள் மொத்தமும் பட்டறைக்கு வரும். ஒவ்வொரு வீடும் தை அறுவடையில் கொல்லருக்கு இரண்டு மரக்கால் நெல் கொடுக்கும். கரியைக் குழு மொத்தமாக வாங்கித் தரும். துருத்திக்குப் பதில் சிறு மோட்டார் வைத்துத் தருவதாகப் பிரஷ் கட்டர் தம்பி ஏற்றுக்கொண்டார். "அப்படியே எனக்கும் தோய்ச்சல் சொல்லிக் கொடுங்க மாமா" என்றார்.

கொல்லர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "தை வரைக்கும் பார்ப்போம்" என்றார். போகும்போது ஐந்து பெண்களின் களைக்கொத்துகளையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் கையையும் விரிக்கச் சொல்லிப் பிடிக்கு அளவெடுத்துப் போனார்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: தெளிப்பான் ஒன்றுதான் இருக்கிறது. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அதிலேயே அடிக்கலாமா?

பதில்: தனித்தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. கழுவிய பிறகும் தங்கும் களைக்கொல்லி பயிரைக் கருக்கிவிடும். களைக்கொல்லிக்கு விசிறி போல் விழும் முனையும், பூச்சிமருந்துக்குக் கூம்பு வடிவில் தெளிக்கும் முனையும் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் கருவிகள் துருப்பிடிக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: உரம் பட்ட கருவி சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, காய வைத்து, இரும்பில் வேப்பெண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவுங்கள். மண் தரையில் சாய்த்து வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். சேற்றில் வேலை செய்யும்போது வெட்டுப்பட்டால் காயத்தைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கருவி வாங்க மானியம் உண்டா?

பதில்: வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருக்கிறது. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. ஆதார், சிட்டா, சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகுங்கள். கருவியை வாங்கிவிட்டுப் போகாமல், விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும்.