பணம் எங்கே போயிற்று?

சென்ற பருவத் தேர்வுக் கட்டணம் கட்ட மறுநாளே கடைசி நாள். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் தாயார் கைப்பேசி வழியாக ரூ. 1,500 அனுப்பினார். "பணம் போட்டுட்டேன் கண்ணு, வந்துச்சா பாரு" என்றார். அவர் கணக்கில் பணம் கழிந்திருந்தது. என் கணக்கில் ஏறவில்லை. நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினேன். மறுநாள் மாலை பணம் தாயாரின் கணக்குக்கே திரும்பியது.

இடையில் அது எங்கே இருந்தது? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இரண்டு தரவுத்தளங்களில் ஒரே செயலைப் பதிய வேண்டுமானால், இரண்டிலும் பதிய வேண்டும். அல்லது இரண்டிலுமே பதியக்கூடாது. ஒரே நிறுவனத்துக்குள் இதனை ஜாவா பயன்பாட்டு சர்வர் 'இரு கட்ட ஒப்புதல்' முறையால் செய்கிறது. ஜிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர் 1978-இல் இம்முறையை விளக்கி எழுதினார்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் "தயாருங்களா?" என்று கேட்கிறார். இருவரும் "சரிங்க" என்ற பின்பே, "கை மாற்றுங்கள்" என்கிறார். "சரி" என்றவர் பின்வாங்கக் கூடாது. அந்த நேரத்தில் தரகர் மயங்கி விழுந்தால்? மாடு கட்டியபடி நிற்கும். பணம் மடியிலேயே கிடக்கும். இரண்டையும் வேறு யாருக்கும் கொடுக்க இயலாது. தரவுத்தளத்தில் இதுவே 'பூட்டு'. தரகர் தம் முடிவை முன்பே குறிப்பேட்டில் எழுதியிருந்தால், எழுந்ததும் அதைப் பார்த்து மீதியை முடித்துவிடுவார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தோம். இரண்டு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களை இணைத்தோம். முதல் முயற்சியே தோற்றது. 'தயார்' நிலையில் வைக்கக்கூடிய பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை அதில் இயல்பாகவே 0. அதை உயர்த்தினோம். பிறகு, முதல் தளம் பதிந்ததும் இரண்டாவது பதியுமுன் சர்வரை நிறுத்தினோம். மீண்டும் இயக்கியதும், குறிப்பேடாகிய லாக் கோப்பைப் படித்துத் தானே முடித்தது.

அடுத்த முறை லாக் கோப்புகளையும் அழித்துவிட்டோம். இரண்டாம் தளத்தில் கணக்கு பூட்டியே கிடந்தது. "ரத்து செய்துவிடலாம்" என்றான் ஒரு நண்பன். ஆசிரியரோ, "முதல் தளத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்த்தோம், அங்கே பதிவாகியிருந்தது. ரத்து செய்திருந்தால் ஒருவர் பணம் போயே போயிருக்கும்! ஆகவே இரண்டாம் தளத்திலும் கைப்படப் பதிந்தோம்.

வங்கிகளுக்கிடையே வழி வேறு. முதலில் கழித்து, பின்னர் ஏற்றுவர். ஏற்ற இயலாவிடில் திருப்புவர். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிடில் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. இதைப் பலர் அறியார்.

பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் யாரோ ஒருவரின் கூலி இருக்கிறது. எனவே நண்பர்களே, லாக் கோப்பை அழிக்காதீர்கள். மறுபக்கத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.