வாழைக்குப் பக்கத்தில் நிற்கிற அன்னாசி உறவு

புரோமெலியாட் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தோன்றும். அன்னாசியும் அதே குடும்பம்தான். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. பேரும் அவங்க கொடுத்ததுதான். நர்சரியில் சிவப்பாக விற்கிற குஸ்மேனியா அதன் சொந்தம். (அந்தச் சிவப்பு பூ இல்லை, நிறம் மாறிய இலை. பூ அதற்குள்ளே சின்னதாக இருக்கும்.)

மந்தைவெளி வீடுகளில் இதை வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது நடுக்குருத்தில் தேங்கும் தண்ணீரை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். நம்ம ஊர் சூட்டில் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள்தான். அதனால் நான்கு நாளைக்கு ஒருமுறை தொட்டியைச் சாய்த்து, குழாயால் வேகமாக அடித்துக் கழுவுகிறேன். முட்டை இலையோரம் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது. மண்ணெண்ணெய் விடச் சொல்வாங்க. விட்டால் கொசுவோடு செடியும் போய்விடும். மழைத்தண்ணீர் உத்தமம், போர் தண்ணீர் இலையில் உப்புப் படியவைக்கும்.

வளர்ந்த செடி பூக்காமல் முரண்டு பிடித்தால், குருத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பழுத்த ஆப்பிளோடு பாலிதீன் பையில் ஒரு வாரம் மூடி நிழலில் வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். அன்னாசித் தோட்டங்களில் எத்திஃபான் தெளிப்பதும் இதற்குத்தான்.

ஒருமுறை பூத்தால் தாய்ச்செடி வாழை மாதிரி மெல்ல மடியும். அதற்குள் அடியில் கன்று விட்டிருக்கும். தாயில் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்ததும் பிரித்து, தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்ட சின்னத் தொட்டியில் வைக்கலாம்.