இளைஞர் உள்ளம் கவரும் நகரங்கள்

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வயல் பொய்த்துக் கையிருப்பும் கரைந்த பின், கடைசிப் புகலாகப் பட்டணத்தை நாடியவர்களை எண்ணிப் பிறந்த வாக்கு அது. இந்நாளைய வாலிபர்களும் யுவதிகளும் கெட்ட பின் பட்டணம் சேர்வதில்லை. படித்து முடித்தவுடன் சேர்கிறார்கள். எந்தப் பட்டணம் என்பதே அவர்கள் முன் நிற்கும் வினா. அதற்கு அவர்கள் தரும் விடை, பெற்றோராகிய நம்மைப் பல சமயங்களில் திகைக்க வைக்கிறது.

டில்லியில் மூன்று தலைமுறையாக வேரூன்றிய குடும்பத்துப் பெண் பெங்களூருக்குப் பெட்டி கட்டுகிறாள். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஹைதராபாத்தில் ஜாகை பார்க்கிறான். “இத்தனை பாடுபட்டு இந்த ஊரில் ஒரு வீடு வாங்கினோமே, இது போதாதா?” என்று தாய் தந்தையர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் கும்பகோணத்திலும், பாலக்காட்டிலும், திருநெல்வேலியிலும் நம் பாட்டனார்களை ரயிலேற்றி அனுப்பியவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆகவே, இளைஞர்களைக் கடிந்துகொள்ளுமுன், அவர்கள் எந்த நகரங்களை நாடுகிறார்கள், ஏன் நாடுகிறார்கள் என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஒரு வாலிபரும் இரு நகரங்களும்

1907ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது நிறையாத தமிழ் இளைஞர் ஒருவர் நிதித் துறை உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். அலுவலகம் செல்லும் வழியில், டிராம் வண்டியிலிருந்து, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது என்பர். 1876இல் தோன்றிய அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தையெல்லாம் அவர் செலவிட்டார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு மீண்டும் கல்கத்தா திரும்பினார். 1917இல் உயர்ந்த சம்பளத்தை உதறிவிட்டு, அதனினும் குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் உண்மைக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரே சர் சி. வி. ராமன். 1933இல் அவர் பெங்களூர் சென்று இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். பிற்காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கல்கத்தாவுக்கு அவரை இழுத்தது உத்தியோகம். அங்கே அவரை நிறுத்தியது, உத்தியோக நேரம் முடிந்த பிறகு அந்நகரம் அவருக்குத் திறந்துவைத்த கதவு. இன்றைய இளைஞர்களும் ஒரு நகரத்தை இந்த இரண்டு கோல்களாலும் அளக்கிறார்கள். நாமோ பெரும்பாலும் முதற்கோலை மட்டுமே கையில் எடுக்கிறோம்.

அந்நாளைய ஈர்ப்பு

நம் மூத்தோர் நகரங்களைத் தேர்ந்தது பெரும்பாலும் சர்க்கார் கடிதத்தின்படியே. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931இல் புது டில்லி திறந்துவைக்கப்பட்டது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று ஆங்கிலமும் அறிந்த தென்னாட்டவருக்கு அங்கே இடமிருந்தது. 1946இல் டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றும் அளவுக்குத் தமிழர் தொகை பெருகிற்று. பம்பாய் என்று நாம் அழைத்துப் பழகிய மும்பையில், மாதுங்காவில் அலுவலர் குடும்பங்களும், தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்த திருநெல்வேலிச் சீமையினரும் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கே தொடங்கப்பட்டது. வேலை, தமிழ் பேசும் தெரு, கோயில், பள்ளிக்கூடம் என்ற நான்கும் இருந்தால் ஊர் நல்ல ஊர் என்பது அவர்கள் கணக்கு.

எண்கள் காட்டும் திசை

2021இல் நடைபெறவேண்டிய மக்கள் கணக்கெடுப்பு உரிய ஆண்டில் நடைபெறாமையால், 2001, 2011ஆம் ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். சுற்றுப்புறங்களையும் சேர்த்து, பெங்களூரின் மக்கள்தொகை இப்பத்தாண்டுகளில் சுமார் 57 லட்சத்திலிருந்து 85 லட்சமாக உயர்ந்தது. ஹைதராபாத் 57 லட்சத்திலிருந்து 77 லட்சமாயிற்று. பூனா 38 லட்சத்திலிருந்து 50 லட்சமாயிற்று. மும்பையோ 164 லட்சத்திலிருந்து 184 லட்சத்தையும், கல்கத்தா 132 லட்சத்திலிருந்து 141 லட்சத்தையும் மட்டுமே எட்டின. பிறப்பும், எல்லை விரிவும் இந்த எண்களில் அடங்கும் என்பது உண்மையே. ஆயினும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

பெங்களூரின் கவர்ச்சி

கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூரில் தட்பவெப்பம் இதமானது. ஆனால் குளிர்ந்த காற்று மட்டும் இத்தனை பேரை இழுத்துவிடாது. 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம், 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் கைக்கடிகாரமும் இயந்திரக் கருவிகளும் செய்த எச்.எம்.டி., 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று, பொறியியல் அறிந்தவர்களை அந்நகரம் தலைமுறைக்கணக்காகத் திரட்டி வைத்திருந்தது. பூனாவில் 1981இல் பிறந்த இன்ஃபோசிஸ் 1983இல் அங்கே குடிபெயர்ந்ததும், அமெரிக்க டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985இல் அங்கே கிளை திறந்ததும், விதைத்த நிலத்தில் பெய்த மழை போன்றவை.

இதன் பலனை இளைஞர்கள் நன்கு அறிவார்கள். ஒரு கம்பெனியில் வேலை போனாலும் ஊரை விடவேண்டியதில்லை, வீட்டைக்கூட மாற்றவேண்டியதில்லை. வேறொரு கம்பெனிக்கு மனுப் போட்டால் போதும். ஒரே எஜமானரிடம் முப்பத்தைந்து ஆண்டுகள் ஊழியம் செய்து ஓய்வுச் சம்பளம் பெற்ற நமக்கு இது நிலையாமையாகத் தோன்றுகிறது. ஓய்வுச் சம்பளம் இல்லாத உத்தியோகங்களில் புகும் அவர்களுக்கோ, பல கம்பெனிகள் ஒரே ஊரில் இருப்பதே நிலைபேறு.

தமிழருக்கு இன்னுமோர் அனுகூலம், இரவு ரயிலேறினால் காலையில் சொந்த ஊர். அல்சூர் ஏரிக்கரையில், 1950இல் தொடங்கிய தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. அங்கு நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009இல் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அயல் மொழியாளர் நடுவே வாழ்பவர்கள் அந்த நிகழ்ச்சியை மறத்தலாகாது. குடியேறிய நாட்டின் மொழியைக் கற்பது பணிவு மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

குறைகளும் உண்டு. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வீட்டுக்காரர்கள் அங்கே ஏராளம். தெரு நெரிசல் நாட்டுக்கே தெரியும். 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல.

மற்ற நகரங்கள்

ஹைதராபாத்தில் 1998இல் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பின், நகரின் மேற்குப் பகுதி புதிய ஊராகவே எழுந்தது. பெங்களூர்த் தொழில் அனைத்தும் அங்கே உண்டு, தெருக்களும் அகலமானவை. பூனா, 1885இல் தோன்றிய பெர்குஸன் கல்லூரி முதற்கொண்டு மாணவர் நகரம். படிக்க வந்தவர்கள் மோட்டார்த் தொழிற்சாலைகளிலோ கணினி நிறுவனங்களிலோ அமர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

டில்லிக்கு இளைஞரை இழுப்பவை பல்கலைக்கழகங்களும் ஆட்சிப்பணித் தேர்வும். நம் மூத்தோர் முதன்முதலில் குடியேறிய கரோல்பாகை அடுத்த பழைய ராஜேந்திர நகரில், தேர்வுக்குப் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிறு அறைகளில் தங்கியிருப்பதை இன்றும் காணலாம். 2002இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் அவர்களுக்குப் பெருந்துணை. குளிர்காலத்து நச்சுப் புகை பெருந்துன்பம்.

பெண்மக்கள் கேட்கும் கேள்விகள்

மும்பையைப் பற்றிப் பேசுகையில் வீட்டு வாடகையை எண்ணி எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஆயினும் நம் பெண்மக்களில் பலர் மும்பையையே விரும்புகிறார்கள். இதன் காரணத்தை ஆண்கள் எளிதில் உணர்வதில்லை. மின்சார ரயில் நள்ளிரவு தாண்டியும் ஓடுகிறது. பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. 1992இல் சர்ச்கேட்டிலிருந்து பெண்களுக்கென்றே முழு ரயிலும் விடப்பட்டது. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடித்துத் தனியே வீடு திரும்பும் பெண்ணை அங்கே எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சம்பளம் எவ்வளவு என்று நாம் கேட்கிறோம். நம் பெண்கள் கேட்பவை வேறு. இருட்டிய பின் வெளியே சென்று வரலாமா? மணமாகாத பெண்ணுக்கு வீடு தருவார்களா? வந்தவர் யார், போனவர் யார் என்று அடுத்த வீட்டார் கணக்கெடுப்பார்களா? இவற்றுக்கு நல்ல விடை தரும் ஊரில் குறைந்த ஊதியத்துக்கும் வேலை பார்க்க அவர்கள் சித்தமாக இருக்கிறார்கள். இதை ஒழுக்கக் குறைவு என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. தன் உழைப்பில் தன் காலில் நிற்க விரும்பும் பெண்ணுக்கு, தெருவில் அச்சமின்றி நடப்பது ஆடம்பரம் அன்று, தேவை. அதைத் தாராத ஊரைத்தான் நாம் குறைகூற வேண்டும்.

வீட்டில் எஞ்சியிருப்போர்

கல்கத்தாவில் ராஷ்பிஹாரி நிழற்சாலை, ஏரிப் பகுதிகளில் ஒருகாலத்தில் தெருத்தெருவாகத் தமிழ்க் குரல் கேட்கும். இன்று அவ்வீடுகள் பலவற்றில் முதியோர் இருவர் மட்டுமே இருக்கின்றனர். மற்ற நகரங்களிலும் இந்நிலை வரலாம். ஆகவே பேசவேண்டியதை இப்போதே பேசுதல் நலம். பிள்ளைகளின் ஊருக்குப் பெற்றோர் செல்வதா, சொந்த ஊர் திரும்புவதா, இருக்கும் இடத்திலேயே இருப்பதா என்பதை, மருத்துவமனைக் கட்டிலருகே நின்று முடிவுசெய்தல் தகாது.

புறப்படும் பிள்ளைகளும் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்கவேண்டும். சம்பளத்திலிருந்து வாடகை, முன்பணம், போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைக் கழித்த பின் மிஞ்சுவதையே ஊதியமாகக் கொள்க. அலுவலகம் செல்லும் நேரத்தையும் செலவாக எண்ணுக. ஆறு மாதத்துக்குள் கடைத்தெருவில் பேசும் அளவுக்கேனும் அவ்வூர் மொழியைக் கற்றுக்கொள்க.

சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. புதிதாக ஒரு நகரில் வந்திறங்கும் பிள்ளைக்கு விழா அழைப்பிதழைவிட முதலில் வேண்டியது நம்பிக்கையான தங்குமிடமும், காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு குடும்பமும்தான். ஒவ்வொரு நகரத்துத் தமிழ்ச் சங்கமும் இத்தகைய குடும்பங்களின் பட்டியல் ஒன்று வைத்து, மற்ற நகரத்துச் சங்கங்களோடு பகிர்ந்துகொள்ளுமானால், எந்த ஊர் ரயிலில் ஏறினாலும் நம் பிள்ளைகளை அச்சமின்றி வழியனுப்பலாம்.